இழுப்பதும் தாங்குவதும்

"நம்பலாம்" என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. பால்காரரை நம்பலாம், தண்ணீர் கலக்க மாட்டார். அந்த டாக்டரை நம்பலாம், அவசரப்பட்டுக் கத்தியை எடுக்க மாட்டார். பிள்ளை வீட்டாரை நம்பலாம், பெண்ணைக் கொடுக்கலாம். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது ஏறக்குறைய நமக்குத் தெரிந்திருக்கிறது. அதையே ஒரு மோட்டார் வண்டியைப் பற்றிச் சொல்லும்போது என்ன பொருள்? "கெட்டுப் போகாது" என்பீர்கள். அவ்வளவுதானா?

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தச் சொல்லின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. உலகத்துக் கதைகளில் பாதி, நம்பத் தகாதவரை நம்பியதால் பிறந்தவை. மீதிப் பாதி, நம்பத் தகுந்தவரை நம்பாததால் பிறந்தவை. ஆகவே எங்கேயாவது யாராவது "இதை நம்பலாமா?" என்று உண்மையான கவலையோடு கேட்டால் நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அப்படிக் கேட்கிறவர்களில் மிகவும் கவலையோடு கேட்கிறவர், எனக்குத் தெரிந்தவரை, தத்துவப் பேராசிரியர் அல்ல. பாரம் இழுக்க ஒரு பெரிய பிக்கப் லாரி வாங்கப் புறப்பட்ட அமெரிக்கக் குடும்பஸ்தர்.

நம் ஊர்த் தெருக்களில் காய்கறியும் தண்ணீர்க் கேனும் ஏற்றிக்கொண்டு ஓடும் சிறு வண்டிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு சாதி. முன்னால் ஐந்து பேர் காலை நீட்டி உட்காரும் அறை. பின்னால் மூடாத தட்டு. அடியில் ஏணி போல நீண்டு கிடக்கும் இரும்புச் சட்டம். ஏறி உட்காரப் பலருக்குப் படி வேண்டும். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா என்று அவற்றுக்குப் பெயர்கள். ஃபோர்டு கம்பெனியின் அந்த எஃப் வரிசை 1948ஆம் ஆண்டு மாடலாகப் பிறந்தது. 1977 முதல் அமெரிக்காவில் வேறெந்த பிக்கப்பும் அதைவிட அதிகமாக விற்றதில்லை. உழவர், தச்சர், கட்டடக் காண்டிராக்டர் என்று வேலைக்காரர்களின் வண்டியாகத் தொடங்கியது, இன்று ஆபீசுக்குப் போகிறவர் வீட்டு வாசலிலும் நிற்கிறது.

வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அதன் தட்டைவிட அதன் வால்தான் முக்கியம். பின்பக்கம் ஓர் இரும்புக் குண்டு பொருத்தியிருக்கும். டிரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த டிரெய்லரில் படகு இருக்கலாம், இரண்டு குதிரைகள் இருக்கலாம், மண் தோண்டும் யந்திரம் இருக்கலாம். அல்லது சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிய ஒரு வீடே இருக்கலாம். கோடை விடுமுறையில் மனைவி மக்களை முன்னால் ஏற்றி, வீட்டைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்கும் ஏரிக்கும் போவது அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் வழக்கம். வண்டி நம்பத் தகுந்ததாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு நடுவழியில் கார் நின்றால் ஒரு சாயங்காலம் வீண். அவருக்கு மலை இறக்கத்தில் வண்டி அடங்காமல் போனால் தம் குடும்பம் மட்டுமல்ல, எதிரே வருகிற குடும்பமும் வீண்.

வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது விளம்பரத்தை. விளம்பரத்தில் ஓர் எண் பெரிதாக இருக்கும். இந்த லாரி 11,000 பவுண்டு இழுக்கும். அந்த லாரி 13,000 பவுண்டு இழுக்கும். பவுண்டு என்பது நம் பாட்டிமார் ராத்தல் என்று சொன்ன அதே நிறைதான். ஒரு டன் என்பது அந்தக் கணக்கில் ஏறக்குறைய 2,200 பவுண்டு. ஐந்து டன், ஆறு டன்! ஆண் பிள்ளைகளுக்கு இத்தகைய எண்களைக் கண்டால் மார்பு விரிகிறது. அது எந்த நாட்டிலும் அப்படித்தான்.

எண்ணைவிடப் பெரிய காட்சியும் ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு அக்டோபரில், ஓய்வுபெற்ற விண்வெளி ஓடம் எண்டெவரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருக்கள் வழியாக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு நெடுஞ்சாலைப் பாலம். அந்தப் பாலத்தை மட்டும் தாண்டுவதற்கு ஒரு டண்ட்ரா பிக்கப் அந்த ஓடத்தை இழுத்தது. மேடையோடு சேர்த்துச் சுமார் 2,92,000 பவுண்டு. இழுத்தது கம்பெனியிலிருந்து வந்த சாதாரண லாரி, எந்த மாற்றமும் செய்யாதது என்றார்கள். உலகமே பார்த்து வியந்தது. அதே லாரியின் கையேட்டில் எழுதியிருக்கும் இழுவை அளவு சுமார் 10,000 பவுண்டுதான்.

ஏமாற்று வேலையா? இல்லை. நடந்தது நடந்ததுதான். சமமான பாலம், ஆள் நடக்கிற வேகம், ஓடத்தின் பாரம் முழுவதையும் அதன் அடியில் இருந்த சக்கர மேடை தானே சுமந்துகொண்டது. உருளுகிற சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தை மெல்ல நகர்த்த அதிக வலு வேண்டியதில்லை. ரயில் பெட்டியைப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேரை நம்பி ரயிலை ஊட்டி மலையில் ஏற்ற மாட்டோம். இறக்கவோ நினைக்கவே மாட்டோம். அன்று பாலத்தின்மேல் அந்த லாரி காட்டியது உண்மையான வலிமை. வாங்க வந்தவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

மனிதர்களிலும் இத்தகையவர்களை நாம் அறிவோம். கல்யாண வீட்டில் ஒரே நாளில் பத்து ஆள் வேலையைச் செய்துவிட்டு, ஊரே புகழ, மறு நாளிலிருந்து பதினொரு மாதம் தலைகாட்டாதவர்கள். அந்த ஒரு நாள் பொய்யல்ல. ஆயினும் அந்த ஒரு நாளை வைத்து அவர்களை எடை போடுகிறவன் வருந்துவான்.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? விஷயம் தெரிந்த அமெரிக்கர் விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறக்கிறார். கதவு வந்து மூடும் சட்டத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். அந்த லாரியில் ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். இது மாடலுக்குப் பொதுவான எண் அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த ஒரு வண்டிக்கு உரியது. மெத்தென்ற தோல் ஆசனமும் கண்ணாடிக் கூரையும் கேட்டு வாங்கினால், அவற்றின் எடை அந்த எண்ணிலிருந்து கழிந்துவிடும். ஆடம்பரம் கூடக் கூடத் தாங்கும் சக்தி குறையும். இந்தச் சீட்டைத் தயாரித்தவர் மனத்தில் வேதாந்தம் இருந்திராது. ஆனால் வேதாந்தம் அதில் இருக்கிறது.

இந்த எண் விளம்பர எண்ணைப் போல ஐந்து இலக்கம் கொண்டதல்ல. சாதாரணமாக ஆயிரத்துச் சொச்சம். ஒரு லாரியில் 1,600 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் அது 11,000 பவுண்டு இழுக்கும் லாரி. வாங்குகிறவரின் டிரெய்லர் வீடு 8,000 பவுண்டு. மூவாயிரம் பவுண்டு மிச்சம் இருக்கிறதே, இன்னும் என்ன யோசனை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இங்கேதான் மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்த ஒரு ரகசியம் வருகிறது. பாரம் ஏற்றுகிறபோது அவர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கிக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். அதன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மூக்கின் வழியே லாரியின் குண்டின்மேல் அமுங்க வேண்டும். 8,000 பவுண்டு டிரெய்லரில் பதின்மூன்று பங்கு என்றால் 1,040 பவுண்டு. அந்த முன்பாரத்தை லாரி இழுப்பதில்லை. தன் முதுகில் தாங்குகிறது. ஆகவே அது கதவுச் சீட்டின் கணக்கில் சேர்கிறது. பூட்டும் கொக்கி முதலான இரும்புச் சாமான் 100 பவுண்டு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர், ஆக 600. பெட்டி படுக்கை, கருவிகள், வீட்டு நாய் எல்லாம் சேர்ந்து 200. கூட்டிப் பாருங்கள்: 1,940. சீட்டு சொன்னது 1,600. இழுப்பதில் மூவாயிரம் மிச்சம் உள்ள லாரி, தாங்குவதில் 340 பவுண்டு கடன்பட்டு நிற்கிறது.

அந்த 340 கண்ணுக்குத் தெரியாது. லாரி நகரும். நன்றாகவே நகரும். பின் ஸ்பிரிங்குகள் அமுங்கி, முன் சக்கரங்கள் சற்றே லேசாகி, ஸ்டியரிங் கொஞ்சம் மிதப்பதுபோல் இருக்கும். டயர் சூடாகும். இவற்றை ஒரு பிரயாணத்தில் யாரும் கவனிப்பதில்லை. பத்துப் பிரயாணம் ஒன்றும் ஆகாமல் போனால், "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்ற தைரியம் வந்துவிடுகிறது. ஒன்றும் ஆகாமல் இருந்ததை நாம் சாமர்த்தியம் என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.

இன்னும் சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். முன்பாரம் அதிகமா? டிரெய்லருக்குள் இருக்கும் கனமான சாமான்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் போகிறது! கணக்கு நேராகிவிடும், சீட்டும் திருப்தியடையும். ஆனால் முன்பாரம் குறைந்த டிரெய்லர் வேகத்தில் போகும்போது மீன் வாலைப்போல் ஆடத் தொடங்கும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகும் காற்றுப் போதும். வால் ஆட்டுகிற ஆட்டத்தில் தலையும் ஆடும். அப்போது பயந்து காலால் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் மிகும். செய்ய வேண்டியது, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் போடுவது. அந்த நொடியில் அது எத்தனை பேருக்கு நினைவு வரும்? பாரம் அதிகமாக இருப்பது ஒரு குற்றம் என்றால், அதைக் கணக்கில் தெரியாதபடி இடம் மாற்றி வைப்பது அதைவிடப் பெரிய குற்றமாக முடிகிறது. கணக்கு எழுதுகிற உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி அதில் பேசியிருக்கிறார். நம்மில் பலர் அதைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள். போர்க்களத்து மன்னனுக்குச் சொன்ன புத்தி என்று உரைகாரர்கள் எழுதுவார்கள். அச்சும் வண்டியும் உள்ளவரை அது வண்டிக்காரனுக்கும் சொன்ன புத்தியே.

இனி அந்த விளம்பர எண்ணின் கதைக்கு வருவோம். அதில் ஒரு நீதி இருக்கிறது. நெடுங்காலம் வரை ஒவ்வொரு கம்பெனியும் தன் லாரி எவ்வளவு இழுக்கும் என்பதைத் தானே அளந்து தானே சொல்லிக்கொண்டது. அளவுகோல் அவரவர் கையில். ஒருவன் எண்ணைக் கூட்டினால் மற்றவனும் கூட்டுவான். 2008ஆம் ஆண்டில் வாகனப் பொறியாளர் சங்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சோதனையை வகுத்தது. அரிசோனா மாநிலத்தில், டேவிஸ் அணைக்கட்டின் அருகிலிருந்து பாலைவன மலைமேல் ஏறும் சுமார் 11 மைல் சாலை ஒன்று உண்டு. நூறு டிகிரி பாரன்ஹீட் வெயிலில், உள்ளே குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, சொன்ன பாரத்தை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தை ஏற வேண்டும். மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. செங்குத்தான ஒரு சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து தடவை முன்னால் நகர வேண்டும், பின்னாலும் அப்படியே. நிறுத்துவதற்கும், ஆடாமல் ஓடுவதற்கும் தனிச் சோதனைகள்.

2011ஆம் ஆண்டு மாடலுக்கு இந்தச் சோதனையை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. ஏற்றுக்கொண்டதும் டண்ட்ராவின் எண் இறங்கிவிட்டது. லாரி மாறவில்லை; நேற்று இழுத்ததைத்தான் இன்றும் இழுத்தது. சொல்லும் எண் மட்டும் சிறுத்தது. மற்றக் கம்பெனிகள் உடனே பின்தொடரவில்லை. போட்டியாளன் பெரிய எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் ஏன் சிறிய எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற தயக்கம், வியாபாரத்தில் இயல்புதான். ஆனாலும் 2015 வாக்கில் பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தச் சோதனைக்கு வந்து சேர்ந்தன.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் கடைக்கு வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பெரிய எண், ஒரு பக்கம் இறக்கிச் சொன்ன எண். எதை அவர் நம்பியிருக்க வேண்டும்? "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்கிறவனைப் பலவீனன் என்று எண்ணுவது நம் பழக்கம். "உங்களுக்கு எதற்குக் கவலை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவனிடம்தான் நாம் சாவியைக் கொடுக்கிறோம்.

அதற்காக எண்ணைக் குறைத்துச் சொன்ன கம்பெனியைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழைப்புக்குப் பெயர் பெற்ற அதே டண்ட்ராவின் 2022, 2023ஆம் ஆண்டு வண்டிகளில், கடைசல் வேலையில் உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் எஞ்சினுக்குள் தங்கிவிட்டிருக்கலாம் என்று 2024 மே மாதத்தில் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் எஞ்சின் பொருத்திய வண்டிகளை அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் அழைத்தது. நல்ல குடும்பத்திலும் ஒரு பிள்ளை தடம் புரளுவது உண்டு. பெயரைப் பார்த்துச் சம்பந்தம் செய்கிறவர்கள் அறிந்த துயரம் இது.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு செய்தி. லூசியானா மாநிலத்தில் ஒருவர் தம் 2007ஆம் ஆண்டு டண்ட்ராவை 2016க்குள் பத்து லட்சம் மைல் ஓட்டியிருந்தார். எஞ்சினும் கியர் பெட்டியும் பிறந்தபோது இருந்தவையே. கம்பெனி அந்த லாரியை வாங்கிக்கொண்டு, அவருக்குப் புது லாரி ஒன்றைக் கொடுத்து, பழையதைப் பிரித்துப் பார்த்து ஆராய்ந்தது. பத்திரிகைகள் லாரியைப் புகழ்ந்தன. அந்த மனிதரையும் சேர்த்துப் புகழ்ந்திருக்க வேண்டும். வேளை தவறாமல் எண்ணெய் மாற்றி, கையேடு சொன்னபடி பராமரித்தவர் அவர். பாரம் இழுக்கும் வண்டியில் முதலில் சாகிறது பெரும்பாலும் கியர் பெட்டிதான். அதைக் கொல்வது உஷ்ணம். எண்ணெய் கொதித்துக் கருகிப் போனபின் எந்தக் கம்பெனிப் பெயரும் அதைக் காப்பாற்றாது. ஆக, நம்பகம் என்பது தொழிற்சாலையில் முழுதாகச் செய்து முடித்து அனுப்பிவிடுகிற பொருள் அல்ல. பாதியை அவர்கள் செய்து அனுப்புகிறார்கள். மறு பாதியை வாங்கினவர் வாரா வாரம், மாதா மாதம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தாம்பத்தியத்தைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள்.

ஆகவே அறிந்தவர் சொல்லும் யோசனை எளிமையானது. புத்தம் புதிதாக வந்த எஞ்சினைவிடச் சில ஆண்டுகள் பலர் கையில் உழைத்துக் குறை நிறை வெளிப்பட்டதைப் பார்த்து எடு. பழுது பார்க்கும் கடை உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார். குடும்பத்தையும் முன்பாரத்தையும் கூட்டி, கதவுச் சீட்டோடு ஒப்பிடு. போதவில்லை என்றால் அடுத்த வகுப்புக் கனத்த லாரிக்குப் போ; அது வெறுமையாக ஓடும்போது உடம்பை உலுக்கும், விலையும் கூட, அதைப் பொறுத்துக்கொள். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வைத்து, அதை அடக்கும் விசையை லாரிக்குள் பொருத்து. இறக்கத்தில் சிறிய கியரில் போ.

இந்தக் கடைசி யோசனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கப் பாதை ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் ராக்கி மலையைத் துளைத்துப் போகிறது. பாரத்தோடு அதுவரை ஏறிவிட்ட லாரியைப் பார்த்து எல்லோரும் மெச்சுவார்கள். ஏற்றத்தில் தோற்றால் என்ன நேரும்? வண்டி வேகம் குறையும், புகையும், ஓரமாக நிற்கும். அவமானம் தவிர வேறில்லை. இறக்கத்தில் தோற்றால் அவமானப்பட நேரம் இராது. பிரேக் சூடேறிச் சூடேறிப் பிடியை இழந்துவிட்ட லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்றே அந்தச் சாலையோரத்தில் சரளைக் கல் பரப்பிய மேட்டுப் பாதைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். விளம்பரங்களில் ஏற்றத்தைத்தான் காட்டுகிறார்கள். வலிமையை அங்கே படம் பிடிக்கலாம். இறக்கத்தில் வெளிப்படும் குணம் அடக்கம். அதைப் படம் பிடிக்க வழியில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு வாசகர் மறுக்கலாம். "எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தால் உலகத்தில் எது நடந்திருக்கும்? நம் தாய்மார்கள் தங்கள் சக்திக்கு உட்பட்டா நம்மை வளர்த்தார்கள்? கதவுச் சீட்டைப் பார்த்துப் பாரம் ஏற்றுவது கோழைகளின் நீதி" என்று. இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். தன் சக்திக்கு மேல் சுமந்தவர்களால்தான் பல வீடுகள் நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தாய் முறிந்தபோது முறிந்தது அவள் முதுகு. எல்லையைத் தாண்டும் உரிமை, விலையைத் தானே கொடுக்கிறவருக்கு உண்டு. எதிர்ச் சாலையில் தூங்குகிற குழந்தையோடு காரோட்டி வரும் ஒரு பெண்ணை, என் 340 பவுண்டுக்குப் பிணை வைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வேறு ஒருவர் இன்னும் கூர்மையாகக் கேட்பார்: "மிச்சம் வைத்துக்கொள்வது பணக்காரனால் முடியும். பெரிய லாரி வாங்க வழியில்லாதவன் என்ன செய்வான்?" நியாயம். ஆனால் மிச்சத்துக்கு இரண்டு வழி உண்டு. லாரியைப் பெரிதாக்கலாம், பாரத்தைச் சிறிதாக்கலாம். டிரெய்லர் வீட்டின் தொட்டியில் 40 காலன் தண்ணீர் இருந்தால் அதன் எடை மட்டும் 330 பவுண்டுக்கு மேல். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொண்டால் என்ன? ஒரு படுக்கை குறைந்த டிரெய்லர் போதாதா? ஏழைக்கு இரண்டாவது வழி தெரியும். முதல் வழியைத் தவிர வேறு தெரியாமல் தவிக்கிறவர் நடுவில் இருக்கிற நாம்தான்.

கடைசியாக ஒரு சங்கடமான நிலைமை. கலிபோர்னியாவில் மலைக்காட்டில் தீப்பற்றும் காலங்களில், குதிரை வளர்ப்பவர்கள் டிரெய்லர்களைப் பூட்டிக்கொண்டு நள்ளிரவில் புறப்படுகிறார்கள். 2018 நவம்பரில் மாலிபு மலைகள் எரிந்தபோது, வேறு போக்கிடமின்றிக் குதிரைகளைக் கடற்கரை மணலுக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். அப்படிப்பட்ட ஓர் இரவில் உங்கள் டிரெய்லரில் உங்கள் குதிரைகள் ஏறியாயிற்று. பக்கத்துத் தோட்டக்காரர் கையில் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். ஒரு குதிரை என்பது ஆயிரம் பவுண்டு. மலைச் சாலை, ஒரே இறக்கம். ஏற்றிக்கொள்வீர்களா?

இந்தக் கேள்விக்கு அந்த இரவில் பதில் கிடையாது. ஏற்கெனவே எல்லையில் நின்றுகொண்டிருப்பவர், ஏற்றினால் ஆட்களையும் குதிரைகளையும் சேர்த்துப் பள்ளத்தில் விடலாம்; ஏற்றாவிட்டால் அந்தக் குதிரையின் கண்கள் அவரை ஆயுள் முழுவதும் தூங்கவிடா. பதில், பல மாதங்களுக்கு முன்னால், வெயில் காய்ந்த ஒரு சாதாரணப் பகலில், லாரிக் கடை வாசலில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அன்று மிச்சம் வைத்து வாங்கியவர் இன்று "ஏற்று" என்கிறார். தினமும் பாதிப் பாரத்தோடு போனபோது அவரைப் பார்த்து, "இவ்வளவு பெரிய லாரியில் இவ்வளவுதானா?" என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் சேர்த்து வைத்திருந்தது தமக்காக அல்ல, பக்கத்து வீட்டுக் குதிரைக்காக என்பது அவருக்கே தெரிந்திராது.

நம்பத் தகுந்தவர் என்று நான் யாரை நினைக்கிறேன் என்பதை இப்போது சொல்லிவிடலாம். அவர் நம் கூட்டத்தில் மிகவும் வலிமையானவராக இருக்க வேண்டியதில்லை. தம் அளவை அறிந்தவர். அதைக் கேட்டவருக்கு மறைக்காமல் சொல்லுகிறவர். அந்த அளவுக்குச் சற்று உள்ளேயே தம் அன்றாடத்தை வைத்துக்கொண்டவர். பணத்தில் மட்டுமல்ல, கோபத்தில், நேரத்தில், வாக்குக் கொடுப்பதில் எல்லாம் கொஞ்சம் மிச்சம் உள்ளவர். எல்லோருக்கும் "ஆகட்டும்" சொல்லிச் சொல்லித் தம் எல்லை வரை பாரம் ஏற்றிக்கொண்ட நல்லவர்களை எனக்குத் தெரியும். பாவம், அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. நெருக்கடி வந்தபோது அவர்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் மீதி இல்லை.

இதன் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். நம்மைத் தாங்குகிறவர்களின் கதவுச் சீட்டை நாம் என்றைக்காவது படித்திருக்கிறோமா? சம்பாதிக்கிற மூத்த பிள்ளை, விடிவதற்கு முன் எழுந்திருக்கிற மருமகள், ஓய்வு பெற்றும் ஓயாத தகப்பனார்: இவர்கள் எவ்வளவு இழுப்பார்கள் என்பது நமக்கு மனப்பாடம். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எவ்வளவு தாங்குவார்கள் என்பது கதவைத் திறந்து, குனிந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறது.